சங்கம் வாசித்த கிளாரினெட்

ஒரு காவலர் கிளாரினெட் வாசிப்பார் என்று இருபத்தாறு காவலர்கள் சத்தியம் செய்து சொன்னார்கள். அத்தனையையும் எழுதியவன் நான். தமிழில் ஒன்று, ஃபைலுக்காகப் பிரெஞ்சில் ஒன்று, மேலிடத்துக்காக இங்கிலீஷில் ஒன்று. ஆக எழுபத்தெட்டு முறை அந்த மனிதரைக் கிளாரினெட் வாசிக்க வைத்திருக்கிறேன். எந்தப் பாட்டு வாத்தியாரும் ஒரு சீடனுக்காக இவ்வளவு உழைத்திருக்க மாட்டார்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆள் போனாலும் சட்டம் போகவில்லை. பீரோவில் இருந்த காகிதமெல்லாம் பிரெஞ்சு. மதராஸ் பக்கத்திலிருந்து வந்த அதிகாரிகளுக்கோ அதில் ஒரு எழுத்தும் தெரியாது. பிரெஞ்சுப் பள்ளியில் பிரெவே பரீட்சை பாஸ் செய்திருந்த என்னைப் போன்ற பையன்களுக்கு அதுதான் நல்ல காலம். அப்பா மில்லில் தறி ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் யாருமில்லை. எனக்குத் தற்காலிக எழுத்தர் உத்தியோகம் கிடைத்து முதல் நாள் போனபோது அப்பா பத்தடி பின்னால் நடந்து வந்தார். கேட்டில் நிற்கிற காவலர் என்னை உள்ளே விடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனார். விட்டார். சலாம் வேறு வைத்தார். அன்று முழுக்க மில்லில் அப்பாவுக்கு அதே பேச்சாம்: "சிவப்புத் தொப்பி எம் புள்ளைக்குச் சலாம் வெச்சாண்டா!" ஒரு வேலைநிறுத்தத்தின்போது அதே சிவப்புத் தொப்பி அவர் முதுகில் வேறொன்று வைத்திருந்தது. அதன் தழும்பு சட்டையைக் கழற்றினால் தெரியும்.

நான் வேலை பார்த்த அறையில் ஒரே ஒரு அதிகாரி. காவலர்கள் மேல் வருகிற புகார்களை விசாரிப்பது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோபமே வராது. ஒருவர் பொய் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும், நல்ல சாப்பாட்டுக்கு இலை போட்டவுடன் வருமே, அந்தச் சந்தோஷம்.

புகார் கொடுத்தவர் முத்தியால்பேட்டையில் எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்த கிளாரினெட்காரர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் அவர் குழல்தான் முன்னால் போகும். பிரெஞ்சுக்காரன் காலத்துக் குழல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து வந்த ஒரு சொல்தாவிடம் அவர் தகப்பனார் வாங்கியதாம். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தெருமுனையில் நின்ற காவலர் ஒருவர் கையை நீட்டி ஊர்வலத்தையே நிறுத்தினார். எதிர்மாடி ஜன்னலில் அவருடைய மனைவியும், மனைவியின் தங்கையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தியாள் கேட்பதற்காக ஒரு சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னார்.

"கோயிலைத் தாண்டினதும் வாசிக்கறேங்க. இப்ப நடுவுல நிறுத்தினா பொண்ணு வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்றாராம் கிளாரினெட்காரர்.

காவலர் வாயிலிருந்தே குழலைப் பிடுங்கிக்கொண்டார். உதடு கிழிந்து ரத்தம். மாப்பிள்ளை மிச்ச தூரத்தைத் தவில் சத்தத்தோடு மட்டும் போனார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டால், "எந்தக் குழல்? நோட்டுல ஏறாத சாமான் இங்க எப்படி இருக்கும்?" என்று கேட்டார்கள். பிடுங்கியதை எழுதவில்லை. எழுதாததால் பிடுங்கவில்லை.

கார்த்திகை முழுவதும் அவருடைய மச்சான் நாகஸ்வரம் வாசிக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து சுருதிப் பெட்டி அமுக்கினார். "யோவ், பெட்டிக்காரரே!" என்று யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று அவர் மனைவி எங்கள் வீட்டில் வந்து சொன்னார். மார்கழியில் கல்யாணம் கிடையாது. தையில் முதல் முகூர்த்தத்துக்கே மூன்று வீட்டில் தாம்பூலம் வாங்கியிருந்தார். அதற்குள் குழல் வந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த மூன்று வீடும் வேறு ஆளைப் பார்க்கும். ஒரு தையில் போன வாடிக்கை அடுத்த தையில் திரும்பி வருவது லேசில்லை.

அப்பாதான் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கூட்டி வந்தார். "எழுதிக் குடுடா. இதுக்குத்தான படிக்க வெச்சேன்?" எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை அந்த மனு ஆபீஸ் வழியாக என் மேஜைக்கே வந்து சேர்ந்தது, மொழிபெயர்க்கச் சொல்லி. அதிகாரியிடம் போய், "ஐயா, இந்த மனுவை எழுதினதே நான்தான். வீட்டில வச்சு எழுதினேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

"கையெழுத்தைப் பாத்தாலே தெரியுதே" என்றார். "சொல்லிட்டேல்லா, போதும். இனிமே காதுல விழுறதை மட்டும் எழுது. மனசுல விழுறதை எழுதாத."

இனி சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவலர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நியாயமாகச் சொன்னால் அந்தச் சங்கம் நல்லதும் செய்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வாங்கிக் கொடுத்தது. மழைக்காலத்துக்கு ஒழுகாத ஷூ வாங்கிக் கொடுத்தது. ஆனால் எந்த உறுப்பினர் மேல் எந்தப் புகார் வந்தாலும், அவர் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லை என்று மற்ற எல்லாரும் சொல்வது அதன் வழக்கம். காரியதரிசி ஒரு தலைமைக் காவலர். அவரை டூட்டியில் பார்த்தவர் ஊரில் இல்லை. சட்டைப் பையில் விசில் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேனா வைத்திருப்பார்.

விசாரணை தொடங்கியதும் காரியதரிசி வந்து நின்றார். "ஐயா, சம்பவம் நடந்ததாச் சொல்ற நேரத்துல எங்க உறுப்பினர் மைதானத்துல இருந்தாரு. நவம்பர் முதல் தேதி அணிவகுப்புக்குப் பேண்டு ஒத்திகை. அவரும் வாசிச்சாரு."

"என்ன வாசிச்சாரு?" அதிகாரி சும்மாதான் கேட்டார்.

காரியதரிசி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். "கிளாரினெட்டு. நீங்களே சொல்லுங்க ஐயா. சொந்தமாக் கிளாரினெட் வாசிக்கத் தெரிஞ்சவன் இன்னொருத்தன் கிளாரினெட்டைப் புடுங்குவானா?"

அந்த வாதம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்னைப் பார்த்து, "எழுதிக்கிட்டியா தம்பி?" என்றார். அதிகாரி முகத்தில் இலை போட்டாகிவிட்டது.

அடுத்த மூன்று நாள் இருபத்தாறு பேர் வரிசையில் வந்தார்கள். முதல் ஐந்து பேர் சொன்னதை நான் காதால் கேட்டு எழுதினேன். ஆறாவது ஆளிலிருந்து அவர் வாயைத் திறக்கும் முன்பே கை எழுதிவிட்டது. ஒருவர் உள்ளங்கையைப் பார்த்துப் படித்தார். வியர்வையில் மை கரைந்துபோய், "ஒத்திகையில் அவர் வாசித்தது..." என்று சொல்லிவிட்டுக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "முன்னால போனவரு சொன்னதேதான் தம்பி" என்று கையெழுத்துப் போட எழுந்துவிட்டார். "அவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "நாங்க ஒண்ணாத்தான டீ குடிச்சோம்" என்றார்.

கிளாரினெட்காரர் தாழ்வாரத்தில் உட்கார்ந்து போகிறவர்கள் வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னிடம், "இம்மாம் பேரு ஒரே மாதிரி சொல்றாங்களே தம்பி. ஒருவேளை எனக்குத்தான் புத்தி கலங்கிப் போச்சா?" என்று கேட்டார். அவர் கீழுதட்டில் தையல் போட்ட தடம் அப்படியே இருந்தது.

வீட்டில் அப்பாவிடம் கொட்டித் தீர்த்தேன். "சங்கமா இது? பொய்யைக் கூட்டமாச் சொல்றதுக்குப் பேர் சங்கமா?"

அப்பா வெற்றிலையை மென்று முடித்தார். "நாங்களும் ஒருத்தனை விட்டுக்குடுத்ததில்லடா. மேஸ்திரி வந்து தறியை நிறுத்தினவன் எவன்னு கேட்டா, நாப்பது பேரும் நாந்தான்னோம். சங்கம்னா அதான்."

"ரெண்டும் ஒண்ணா?"

"நாங்க நாந்தான்னு சொன்னோம்டா. இவனுங்க நாங்க இல்லன்றானுங்க. நீதான் படிச்சவன், ஒண்ணா இல்லியான்னு நீயே பாரு."

இருபத்தாறாவது கையெழுத்தும் விழுந்ததும் அதிகாரி பேனாவை மூடினார். "சரி. எனக்குக் கிளாரினெட்டுன்னா உயிரு. பத்து நாள் கழிச்சு உங்க ஆளை வரச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் வாசிச்சுக் காட்டட்டும், ஃபைலை மூடிருவோம்."

காரியதரிசியின் மூன்று பேனாவும் ஒருசேர ஆடின. "பத்து நாளா..." என்றார்.

"ஏன், வாசிக்கிறவருக்குப் பத்து நாள் கூடுதலா? நாளைக்கே வரட்டுமே?"

"இல்லீங்க, பத்து நாளே இருக்கட்டும்."

பேண்டு மாஸ்டரிடம் போய் ஒரு கிளாரினெட் இரவல் கேட்டார்கள். அவர் பழைய பட்டாளத்து ஆள், சங்கத்தில் சேராதவர். "சர்க்கார் வாத்தியம் வாசிக்கிறவன் வாயைத் தவிர வேறெங்கேயும் போகாது" என்று கதவைச் சாத்திவிட்டார். அப்புறம் என்ன செய்தார்கள் என்பது எனக்கு நாலாம் நாள் தெரிந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் கிளாரினெட்காரர் மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். "தம்பி, வா. அண்ணே, நீயும் வா." எங்களைப் போலீஸ் குடியிருப்பின் மதில் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். உள்ளே ஒரு சத்தம். கன்று ஈன முடியாத மாடு ஒன்று மூக்கால் அழுதால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்து வீட்டில் ஒரு பெண் குரல், "கொழந்த தூங்குதுய்யா!" என்று கத்தியது. கொஞ்ச நேரம் சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

"எங்குழல்" என்றார் கிளாரினெட்காரர். அவருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "முப்பது வருசமா வாசிக்கறேன், அதுங்குரல் எனக்குத் தெரியாதா? அய்யோ, ஊதறான் பாரு, அடுப்பு ஊதற மாதிரி!"

அப்பா மதிலில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு உடனே அதிகாரியிடம் ஓட வேண்டும் போல இருந்தது. சொன்னேன்.

"வாணாம் தம்பி" என்று கிளாரினெட்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னீன்னா ஐயா ஆள் அனுப்புவாரு. ஆள் போறதுக்குள்ள இவனுங்களுக்குச் சேதி வந்துரும். அடுப்புல வெச்சிடுவான், இல்ல கெணத்துல போட்டுடுவான். அதுவா நடந்து ஆபீசுக்கு வரட்டும். ஆறு நாளுதான?"

"நீ வாயை மூடிக்கிட்டு உன் வேலையைப் பாரு" என்றார் அப்பாவும்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று மறுநாளே தெரிந்தது. காரியதரிசி என்னைக் காபி கிளப்புக்குக் கூப்பிட்டார். ரெண்டு மசால் தோசை சொன்னார். அவருடைய தோசையையும் என் பக்கமே தள்ளினார்.

"வேலை இன்னும் தற்காலிகம்தான தம்பி? மேல யாரையாவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எங்க சங்கத்துக்கு நல்லாத் தெரியும்." கொஞ்ச நேரம் நான் சாப்பிடுவதையே பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன். நீ படிச்ச புள்ள. இந்தக் கிளாரினெட்டுல நம்பர் கிம்பர், வாங்கினவன் பேரு, அந்த மாதிரி எதுனா போட்டிருக்குமா?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். கிளாரினெட்காரர் குழலின் அடையாளம் ஒன்றை மனுவில் எழுதச் சொல்லியிருந்தார். பிரதி அவர்களுக்குப் போகும் என்பதால் நான்தான் அதை எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அந்த அடையாளம் இப்போது என் நாக்கு நுனியில் இருந்தது. "வெளியில கம்பெனி முத்திரை மட்டும்தாங்க இருக்கும்" என்றேன். அது உண்மை. வெளியில் அவ்வளவுதான் இருந்தது.

"அதானே பாத்தேன்" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எல்லாக் கிளாரினெட்டும் கறுப்புத்தான." அந்தத் தோசை எனக்கு ரெண்டு நாள் ஜீரணமாகவில்லை. உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றலாம் என்று நான் கற்றுக்கொண்டது அந்த மேஜையில்தான்.

பத்தாம் நாள் வந்தது. தாழ்வாரம் முழுவதும் சிவப்புத் தொப்பி. காவலர் புதுச் சலவை உடுப்பில், துண்டில் சுற்றிய குழலோடு வந்தார். கிளாரினெட்காரர் மூலையில் நின்றார். துண்டைப் பிரித்தபோது எட்டிப் பார்த்தார்.

"ஆரம்பிங்க" என்றார் அதிகாரி, கண்ணை மூடிக்கொண்டு.

காவலர் ஊதினார். முதலில் காற்று மட்டும் வந்தது. அப்புறம் ஒரு கீச்சு. அப்புறம், ஆறு நாள் உழைப்பின் பலனாக, ஒரே சுரம், நீளமாக. வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. தாழ்வாரத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

அதிகாரி கண்ணைத் திறந்தார். "இது என்ன?"

"அணிவகுப்புப் பாட்டுங்க" என்றார் காரியதரிசி. "நடந்துகிட்டே வாசிக்கணும். நின்னு வாசிச்சா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"சரிதான். குழல் யாரோடது?"

"எங்க உறுப்பினரோட சொந்தக் குழல்."

அதிகாரி மூலையைப் பார்த்தார். கிளாரினெட்காரர் முன்னால் வந்து கைகட்டி நின்றார். குழலைத் தொடவில்லை.

"ஐயா, அந்தக் குழலைக் கழட்டச் சொல்லுங்க. நடு மூட்டுல கார்க்கு போயிடுச்சி. அதுக்குப் பதிலா மஞ்ச நூலு சுத்தியிருப்பேன். எம் பொஞ்சாதி தாலிக்கு நூல் மாத்தினப்ப மீந்தது. இல்லன்னா எம்மேல கேஸ் போடுங்க."

"கழட்டுங்க" என்றார் அதிகாரி.

காவலர் குழலை மேலும் கீழும் பார்த்தார். காரியதரிசியைப் பார்த்தார். "இது கழலாதுங்க ஐயா" என்றார். "ஒரே கட்டை."

கிளாரினெட் ஐந்து துண்டாகக் கழலும். வாசிக்கிறவன் தினமும் கழற்றித் துடைப்பான். பிடுங்கும்போது பூட்டியிருந்த குழல் ரெண்டு மாதமாகப் பூட்டியபடியே காவலர் வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது. கிளாரினெட்காரர் கையை நீட்டினார். ஒரு திருகு. நடுவில் பிரிந்த இடத்தில் மஞ்சள் நூல், நெருக்கமாக, வரிசையாக.

தாழ்வாரத்தில் ஷூ நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒழுகாத ஷூக்கள்.

"இருபத்தாறு வாக்குமூலம் இருக்கு" என்றார் அதிகாரி, ஃபைலைத் தட்டி. "ஒருத்தர் பொய் சொன்னதா எழுதலாம். இருபத்தேழு பேரும் பொய் சொன்னதாவும் எழுதலாம். காகிதம் நிறைய இருக்கு, எழுத இந்தத் தம்பியும் இருக்கான். சங்கம் கூடிப் பேசிச் சொல்லட்டும்."

சங்கம் கூடிப் பேச அரைமணி நேரம்தான் ஆனது. மறுநாள் காலையிலிருந்து வாக்குமூலத்தைத் திருத்த வரிசை நின்றது. ஒருவருக்குக் கிழமை மாறிப்போய்விட்டதாம். ஒருவருக்கு மைதானத்தில் வெயில் கண்ணைக் கூசியதாம். சாயங்காலம் ஆறு மணி வெயில். உள்ளங்கைக்காரர் இந்த முறை கையில் எதுவும் எழுதாமல் வந்தார். "எனக்கு வாத்தியமே தெரியாது தம்பி. கறுப்பா எதையோ வெச்சிருந்தாரு. கொடையா இருக்கும்" என்றார்.

கடைசியாக வந்தவர் ஓய்வு பெற ஆறு மாதமே இருந்த பெரியவர். நாற்காலியில் உட்காரவில்லை. "சங்கம் சொல்லச் சொல்லிச்சி, சொன்னேன். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அப்படியே எழுது" என்றார். நான் தயங்கினேன். அப்படி எழுதினால் தண்டனை அவருக்கும் வரும். "எழுதுப்பா. மழையில நிக்கறேன், ஷூ குடுத்தாங்க. அதுக்காகச் சொன்னேன். அதையும் வேணும்னா எழுதிக்க."

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். "அவந்தாண்டா ஆளு" என்றார். "அந்தாளு மட்டும் எங்க மில்லுல இருந்திருந்தா..." வாக்கியத்தை முடிக்காமல் படுக்கப் போய்விட்டார்.

புகார் நிரூபணமானது. காவலரைச் சேதராப்பட்டு எல்லைச் சாவடிக்கு மாற்றினார்கள். சங்கம் தீர்மானம் போட்டு, மனுக் கொடுத்து, நாலே மாதத்தில் அவரைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டது. அதையும் சொல்லாவிட்டால், அந்த மசால் தோசை மேஜையில் செய்தது போல, பாதி உண்மையைச் சொல்லி உங்களையும் ஏமாற்றியவன் ஆகிவிடுவேன். பெரியவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டு வருஷம் பிடித்தது. யார் தடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் குழலைத் திருப்பிக் கொடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. நோட்டில் ஏறாத சாமானைத் திருப்பிக் கொடுக்க நோட்டில் இடம் இல்லை. முதல் முகூர்த்தத்துக்கு ஒரே நாள்தான் பாக்கி. காரியதரிசி புது யோசனையோடு வந்தார்.

"எதுக்கு நோட்டு, கீட்டு? சங்கத்து சார்புல ஒரு சின்ன விழா. ஏழைக் கலைஞருக்கு ஒரு கிளாரினெட் பரிசு. மாலை போட்டு, போட்டோ எடுத்து, இன்னிக்கு மத்தியானமே கையில குடுத்துடறோம்."

அதிகாரி கிளாரினெட்காரரைப் பார்த்தார். அவருக்கு வேண்டியது குழல். மாலையோடு வந்தால் என்ன, மாலை இல்லாமல் வந்தால் என்ன? நானாக இருந்தால் வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

அவர் குழலை ஒருமுறை பார்த்தார். "மாலை வாணாங்க" என்றார். "எம் பொருளை எனக்கே பரிசாக் குடுத்தா, நாளைக்கு நான் வாங்கித் தின்னவன்னு ஆயிடும். புடுங்கினேன்னு எழுதட்டும். அப்பறம் குடுத்தேன்னு எழுதட்டும். நான் உக்காந்திருக்கேன்."

ஸ்டேஷன் நோட்டு வந்தது. காவலர் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று உத்தரவு. தேதி எழுதினார். பொருள்: கிளாரினெட், ஒன்று. அடுத்த கட்டம், பறிமுதல் செய்த காரணம். அங்கே பேனா நின்றது. காரியதரிசி காதில் என்னமோ சொன்னார். அதிகாரி, "உண்மையான காரணத்தை எழுதுங்க. இல்லன்னா இருபத்தாறு பேரையும் கூப்பிட்டுக் கேக்கணும்" என்றார். காரணத்தை யோசித்துக்கொண்டு அந்த மனிதர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுதினார்: "கேட்ட பாட்டை வாசிக்காத காரணத்தால்."

அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். என் உத்தியோகத்தில் அதைவிடச் சந்தோஷமாக நான் ஒரு வரியை எழுதியதில்லை.

இனி கிளாரினெட்காரர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவர் குழலை வாங்கிக்கொண்டார். முனையைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். "இருங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறக் குழாய்க்குப் போனார். எல்லாரும் பின்னால் போனோம். கடித்துப் பிய்ந்திருந்த ரீடை, அந்த நாணல் சீவலை, எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். வாய் வைக்கிற முனையைத் தண்ணீரில் பிடித்து, விரலை உள்ளே விட்டுக் கழுவினார். உதறினார். மறுபடி கழுவினார். காவலர் கதவோரம் நின்று தன் வாய் கழுவப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை கழுவத் தொடங்கியபோது காரியதரிசிக்குப் பொறுக்கவில்லை.

"எம்மாம் நேரம்யா கழுவுவ? கையெழுத்தைப் போட்டுட்டுப் போயேன்!"

"சுத்தமா இருக்கணுங்க" என்றார் அவர் தலை நிமிராமல். "கல்யாண வூட்டுக்குப் போற பொருளு."

வேட்டி நுனியால் ஈரம் போகத் துடைத்தார். மடியிலிருந்து புது ரீடை எடுத்துப் பொருத்தினார். உள்ளே வந்து நோட்டில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை காத்திருந்து, குழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கிப் போனார்.